ஓதம் ஏறிய சுவரை நாமே சரிசெய்வது: முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை

வீட்டு வேலையில் நானே கைவைத்துப் பார்க்கலாமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒரே ஒரு சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு முழுவதும் வேண்டாம். அறை முழுவதும்கூட வேண்டாம். உங்கள் கண்ணை நாள்தோறும் உறுத்துகிற அந்த ஒரு சுவர் போதும். பெயிண்ட் பொரிந்து, கீழே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, நாற்காலியை நகர்த்தினால் தூள் கொட்டுகிறதே, அது.

எங்கள் வீடு கும்பகோணம் பக்கம். காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் ஊர்களில் ஓதம், அதாவது சுவரில் ஈரம் ஏறுவது, புது விஷயம் இல்லை. கூடத்தின் மேற்குச் சுவருக்கு இரண்டு பொங்கலுக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்தேன். இரண்டு முறையும் கார்த்திகை மழைக்குள் உரிந்துவிட்டது. மூன்றாவது முறை பிரஷ்ஷை எடுத்தபோது, எதிர்வீட்டில் இருக்கும் வயதான பெயிண்டர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, சொவரு உள்ளுக்குள்ள நனைஞ்சு கெடக்கு. நீங்க எத்தனை கோட்டிங் குடுத்தாலும் உரிச்சுத்தான் போடும்."

"அப்ப என்னண்ணே பண்றது?"

"தண்ணி எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாருங்க. டப்பாவைத் தெறக்காதீங்க."

அன்றைக்கு டப்பாவை மூடி வைத்தேன். திரும்பத் திறந்தது மூன்று மாதம் கழித்துத்தான். இடையில் என்னென்ன செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நாள் கணக்கையும் கவனியுங்கள். கை வேலை மொத்தமும் ஆறேழு நாள்தான், மீதி முழுக்கக் காத்திருப்பு. அதனால் மழை ஓய்ந்த தை மாதத்தில் தொடங்கினால் சித்திரையில் முடிக்கலாம். ஐப்பசியில் தொடங்கவே வேண்டாம்.

முதலில் படம் எடுங்கள்

சுரண்டியைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், ஏனென்றால் பழைய சுவரை இன்னொரு முறை படம் எடுக்க முடியாது. பலரும் முடிந்த பிறகுதான் "ஐயோ, முன்னாடி எப்படி இருந்ததுன்னு காட்ட ஒண்ணுமே இல்லையே" என்கிறார்கள்.

நிற்கும் இடத்தில் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். போனை எந்த உயரத்தில் பிடித்தீர்கள் என்பதை நினைவு வைக்க எளிய வழி, நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பது. காலை பத்து மணி வெளிச்சம் என்றால் கடைசிப் படத்தையும் காலை பத்து மணிக்கே எடுக்க வேண்டும். டியூப்லைட் அணைந்திருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். முன் படத்தை இருட்டில் எடுத்துவிட்டுப் பின் படத்தை விளக்கெல்லாம் போட்டு எடுத்தால் பார்க்கிறவருக்கு எந்த மாற்றம் வெளிச்சத்தால் வந்தது, எது உழைப்பால் வந்தது என்று தெரியாது.

சுவர் முழுவதும் தெரிய ஒரு படம், கெட்டுப்போன இடங்களைக் கிட்டே வைத்து நாலைந்து படம். கிட்டே எடுப்பதில் ஒரு ஸ்கேலையோ ஐந்து ரூபாய் நாணயத்தையோ பக்கத்தில் வையுங்கள். விரிசல் எவ்வளவு அகலம், உப்பு எவ்வளவு தூரம் என்பது அப்போதுதான் புரியும். உப்பு ஏறியிருக்கும் மேல்வரம்பைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதிப் படம் எடுத்தேன். அந்தக் கோடு பின்னால் எனக்கு மிகவும் உதவியது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

ஓதம் வரும் பாதைகள் நான்குதான் பெரும்பாலும். தரையிலிருந்து மேலேறுவது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் குளியலறைக் குழாய்க் கசிவு. மழை அடிக்கும் வெளிச்சுவரின் விரிசல். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய். தரையிலிருந்து ஏறுவது சுவரின் கீழ் மூன்று அடிக்குள் பட்டைபோலப் படரும். குழாய்க் கசிவு ஒரே இடத்தில் வட்டமாகத் திரளும், கோடையிலும் காயாது. மழை விரிசல் என்றால் மழைக்கு ஓரிரு நாள் கழித்துத் திட்டுத் திட்டாகத் தெரியும்.

சந்தேகமாக இருந்தால் இரண்டடிக்கு இரண்டடி தடிமனான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் அடைத்து ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம், அதற்கு ஜன்னலைத் திறந்து வைப்பதே பாதி மருந்து.

எங்கள் வீட்டில் உள்பக்கம்தான் வியர்த்தது. வெளியே போய்ப் பார்த்தேன். செம்பருத்திச் செடிக்குப் பின்னால் மாடிக் குழாயின் கடைசி வளைவு உடைந்து, மழைத் தண்ணீர் முழுவதும் சுவரின் அடியிலேயே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. போதாததற்கு, பூச்செடிக்கென்று நான் ஆசையாகக் கொட்டிய மண் வீட்டுத் தரை மட்டத்தையும் தாண்டிச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அஸ்திவாரத்துக்கு மேலே கொத்தனார்கள் டி.பி.சி. என்று ஓர் அடுக்கு போடுவார்கள், மண்ணின் ஈரம் செங்கலில் ஏறாமல் இருப்பதற்கு. மண்ணை அதற்கும் மேலே குவித்தால் ஈரம் பக்கவாட்டில் புகுந்துவிடும். டி.பி.சி. இருந்தும் இல்லாத கதைதான்.

குழாய் வளைவை மாற்ற அரை மணி நேரம். தண்ணீர் சுவரை விட்டு விலகி விழும்படி ஒரு நீட்டுக் குழாயும் சேர்த்தேன். மண்ணை வெட்டித் தரை மட்டத்துக்கு அரையடி கீழே இறக்கினேன். செம்பருத்தி இரண்டடி தள்ளிப் போனது, பிழைத்துக்கொண்டது. இந்த வேலைகளையும் படம் எடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் சுவரைக் காப்பாற்றியதே இந்த வேலைதான்.

சுரண்டுவது

நாலு இஞ்ச் சுரண்டி, இரும்புப் பிரஷ், பழைய சேலை, என்-95 முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும், அதிலும் ஈரச் சுவர் என்றால் கட்டாயம்.

பெயிண்ட் எளிதில் வந்துவிடும். அதற்கு அடியில் செங்கல்லின் மேல் இருக்கும் சிமெண்ட் பூச்சுதான் முடிவெடுக்க வேண்டிய இடம். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல பூச்சு "டிக் டிக்" என்று கெட்டியாக ஒலிக்கும். செங்கல்லை விட்டுப் பிரிந்த பூச்சு தேங்காய் ஓட்டைத் தட்டுகிற மாதிரி "டொக்" என்று ஒலிக்கும். டொக் என்ற இடமெல்லாம் விழ வேண்டியதுதான். உப்புக் கோட்டுக்கு மேலே இன்னும் ஓர் அடி வரை எடுத்துவிடுங்கள். மனசு கேட்காது. சுவர் முன்னைவிட மோசமாகிவிட்டதே என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் அத்தை இரண்டு நாள் கூடத்துக்கே வரவில்லை.

பூச்சு விழுந்ததும் செங்கல்லின் மேல் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. கிட்டே பார்த்தால் மாவு இல்லை, மயிரிழைபோல நிற்கும் உப்பு ஊசிகள். செங்கல்லுக்குள் ஏறுகிற தண்ணீர் மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் முகத்துக்கு வந்து தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் படிகமாகி வளர்கிறது. அந்த ஊசிகள்தான் பெயிண்டைப் பின்னாலிருந்து தள்ளி உரிக்கின்றன. இந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விரித்த பேப்பரில் சேர்த்து, குப்பையில் போடுங்கள். ஒரு வாரத்தில் திரும்பப் பூக்கும், திரும்பத் தேய்க்க வேண்டும். எனக்கு நான்கு முறை ஆனது. நான்காவது முறை பேப்பரில் விழுந்தது ஒரு சிட்டிகைகூட இல்லை.

கதவு, ஜன்னலின் பழைய எனாமல் பெயிண்டைச் சுரண்டும் எண்ணம் இருந்தால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் கிளப்பக் கூடாது. நனைத்துத் தேயுங்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், தூளைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

காய விடுவது, பூசுவது

பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் செங்கல் தெரியத்தான் சுவர் கிடந்தது. மின்விசிறி, திறந்த ஜன்னல், வேறெதுவும் இல்லை. பிளாஸ்டிக் தாள் சோதனையைத் திரும்பச் செய்து, உள்பக்கம் வியர்க்காமல் இருந்த பிறகே அடுத்த வேலை.

பூச்சு வேலை புதிதாகத் தொடங்குபவர் தானே செய்யலாமா? இரண்டடிக்குள் ஒட்டுப்போடும் அளவென்றால் தாராளமாகச் செய்யலாம். அதற்கு மேல் என்றால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள் என்பதுதான் என் கருத்து. மட்டப்பலகை பிடிக்கும் கை ஒரு நாளில் வராது, கோணிய பூச்சைப் பட்டியால், அதாவது சுவரை வழவழப்பாக்க மேலே இழுக்கும் மாவால், மறைக்கவும் முடியாது. நான் கொத்தனாரைக் கூப்பிட்டு, கூடவே நின்று கலவை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு சலித்த பூச்சு மணல், அதோடு ஓதம் தடுக்கும் திரவம். அந்தத் திரவத்துக்கு டப்பாவில் போட்டிருக்கும் அளவே கணக்கு. நான் வாங்கியதில் 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி. பத்தடி நீளம், மூன்றரை அடி உயரம் பூச 20 கிலோ சிமெண்ட் போதுமானதாக இருந்தது, அதாவது 80 மில்லி திரவம். அதிகம் ஊற்றினால் அதிகம் தடுக்கும் என்று நினைத்து ஊற்றாதீர்கள்.

ஒரு முக்கியமான விலக்கு. உங்கள் வீடு செட்டிநாட்டு வீடுகளைப் போலச் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடு என்றால் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி, புதிதாக ஓரிடத்தில் உடைக்கும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரையும் வெள்ளையடிப்பும்தான் பொருந்தும்.

பூசியபின் ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். அப்புறம் மூன்று வாரம் கைவைக்கவில்லை. புதுப் பூச்சில் இருக்கும் சிமெண்டின் காரத்தன்மை அடங்குவதற்குள் பெயிண்ட் அடித்தால் நிறம் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். 28 நாள் கணக்கு அதற்குத்தான்.

பட்டி பார்ப்பது

மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இது. சுவரின் முகம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

வெள்ளைச் சிமெண்ட் பட்டி வாங்கினேன். பத்துக்குப் பத்தடிச் சுவருக்கு, இரண்டு கோட்டிங்குக்குப் பத்துக் கிலோ ஆனது. மேல் பாதியில் பழைய டிஸ்டெம்பர், அதாவது சுண்ணக்கட்டித் தூள் கலந்த மலிவுப் பெயிண்ட், இருந்தது. உள்ளங்கையால் தேய்த்தால் கையில் மாவாக ஒட்டினால் அது டிஸ்டெம்பரோ பழைய சுண்ணாம்போதான். அதை முழுக்கச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பட்டி அதோடு சேர்ந்து ஏடு ஏடாக வந்துவிடும்.

கலக்கும் முறை: வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பட்டித் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு கிலோவுக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர். தோசை மாவைவிடக் கெட்டியாக, பட்டி இழுக்கும் தகட்டில் எடுத்தால் வழியாமல் நிற்க வேண்டும். பத்து நிமிடம் ஊறவிட்டுத் திரும்பக் கிண்டினால் கட்டி இருக்காது. இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். இறுகியதில் தண்ணீர் விட்டு இளக்கினால் அது பிடிக்காது.

வெள்ளைச் சிமெண்ட் பட்டிக்கு முன், பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் பிரைமரை அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. அடிக்காதீர்கள். அதற்குச் சுவர் லேசாக ஈரமாக இருந்தால் போதும், கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டால் சரி. பிரைமர் பட்டிக்கு மேலேதான் வர வேண்டும்.

தகட்டைச் சுவரோடு சாய்வாகப் பிடித்துக் கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. முதல் அரை மணி நேரம் எனக்குத் தகடு போன இடமெல்லாம் வரப்பு கட்டியது. எதிர்வீட்டு அண்ணன் வந்து மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். "அழுத்தமெல்லாம் ஆள்காட்டி விரல்ல வரணும்மா, தோள்ல இல்ல." தகட்டின் பின்னால் ஆள்காட்டி விரலை நீட்டி வைத்ததும் வரப்பு பாதியாகக் குறைந்தது. மிச்சத்துக்கு உப்புத்தாள் இருக்கிறது. மெல்லிய பூச்சாக இரண்டு கோட்டிங், இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெடிக்கும். ஆழமான பள்ளத்தைப் பூச்சிலேயே அடைத்திருக்க வேண்டும்.

மறுநாள் உப்புத்தாள். முதலில் 180, பிறகு 320. பகல் வெளிச்சத்தை நம்பாதீர்கள். இருட்டியதும் அறை விளக்கை அணைத்து, போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பகலில் பளிங்குபோலத் தெரிந்த சுவரில் அத்தனை மேடு பள்ளமும் நிழல் கட்டி நிற்கும். பென்சிலால் வட்டமிட்டு, அதை மட்டும் தேய்த்தால் போதும். இந்த டார்ச் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள், தேய்த்தபின் இன்னொன்று. என் தொகுப்பிலேயே எல்லோரும் நிறுத்திப் பார்ப்பது இந்த இரண்டு படங்களைத்தான்.

பட்டி ஒட்டிய வாளியையும் தகட்டையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். குழாய்க்குள் போய் இறுகினால் அடைப்பு எடுக்கவே முடியாது. பேப்பரால் துடைத்துவிட்டு வெளியே கழுவுங்கள்.

பிரைமர், நிறம், பெயிண்ட்

தண்ணீரில் கலக்கும் பிரைமர் ஒரு லிட்டர், ஒரு கோட்டிங். தூளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடிக்க வேண்டும். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

நிறத்தைக் கடை அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று நிறத்தைச் சிறிய டப்பாவில் வாங்கி, பெரிய அட்டைகளில் இரண்டு கோட்டிங் அடித்து, சுவரில் ஒட்டிக் காலை, மதியம், இரவு டியூப்லைட் என்று மூன்று வேளையும் பாருங்கள். எனக்குக் கடையில் சந்தன நிறமாகத் தெரிந்தது இரவில் மஞ்சள் கிழங்குபோல ஆகிவிட்டது. அதைவிட வெளிறியதை எடுத்தேன்.

பட்டி பார்த்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட்) இரண்டு கோட்டிங்குக்கு ஏறக்குறைய 120 சதுர அடி ஓடும். எத்தனை தண்ணீர் சேர்ப்பது என்பது டப்பாவிலேயே இருக்கும். முதல் கலவைக்கு எந்தக் குவளையோ, கடைசிக் கலவைக்கும் அதே குவளை. பெரிய சுவருக்கு இரண்டு டப்பா வாங்கினால் நிறம் ஒன்றே என்றாலும் இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிடுங்கள். டப்பாவுக்கு டப்பா மெல்லிய வேறுபாடு இருக்கும்.

ஓரங்களில் மாஸ்கிங் டேப். இரண்டு இஞ்ச் பிரஷ்ஷால் மூலைகளையும் விளிம்புகளையும் மூன்று அடி நீளத்துக்கு இழுத்து, அது காய்வதற்குள் ரோலரால் அந்த மூன்று அடியை நிரப்புங்கள். அப்புறம் அடுத்த மூன்று அடி. எல்லா ஓரத்தையும் முடித்துவிட்டு நடுவுக்கு வந்தால் படச்சட்டம் மாதிரி கோடு தெரியும். மின்விசிறி அணைந்திருக்கட்டும், வேகமாகக் காய்ந்தாலும் கோடு விழும். நான்கு மணி நேரம் விட்டு இரண்டாவது கோட்டிங். டேப்பைப் பெயிண்ட் முழுக்கக் காயும் முன், சாய்வாக மெல்ல இழுங்கள். மறுநாள் இழுத்தால் பெயிண்டும் சேர்ந்து கிழியும்.

படங்களை மற்றவர்களுக்குக் காட்டும்போது

தரையில் ஒட்டிய டேப் இருக்கிறதல்லவா, அதன் மேல் அதே பத்து மணிக்குப் போய் நில்லுங்கள். பூச்சாடி, புது விரிப்பு எல்லாம் வைத்து வேண்டுமானால் இரண்டாவது படம் எடுங்கள். முதல் படத்தில் சுவர் மட்டும் இருக்கட்டும்.

முன், பின் என்று இரண்டு படத்தை மட்டும் போட்டால் "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தன் வீட்டுச் சுவரைச் சரிசெய்ய நினைக்கிறவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அவருக்கு வேண்டியது உடைந்த குழாய் வளைவு, பூச்சு விழுந்த செங்கல், உப்பு ஊசி, வரப்பு கட்டிய பட்டி. ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதியும் ஒரு வரி விளக்கமும். என்னென்ன வாங்கினீர்கள், எவ்வளவு மிஞ்சியது, ரசீதைப் பார்த்து எழுதிய செலவு, கொத்தனார் கூலி உட்பட. தப்பு நடந்த இடத்தை மறைக்காமல் எழுதுங்கள். நான் இரண்டு பொங்கலுக்கு வீணாக்கிய பெயிண்ட் கணக்கையும் சேர்த்தே எழுதினேன். அதைப் படித்துவிட்டு உறவில் ஒருவர் தன் வீட்டு மாடிக் குழாயைப் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கேயும் வளைவு உடைந்திருந்தது.

கடைசிப் படம் மே மாதத்தில் எடுப்பது இல்லை. வடகிழக்குப் பருவமழை முடிகிற டிசம்பர் கடைசியில் எடுப்பது. நான் மார்கழி மூன்றாம் வாரம் அதே டேப்பில் நின்று எடுத்தேன். சுவர் முழுவதும் கையை வைத்துத் தடவினேன், உலர்ந்திருந்தது. கதவோரத்தில், தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில், நகத்தளவு வெள்ளை மட்டும் பூத்திருந்தது. பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.